பீற்றில் எஞ்சினுக்கு ஒயில் சூடு பார்க்கிற சென்சர்: எந்த இடத்தில பூட்டுறது?

#1 கச்சான்காத்து

வணக்கம். கார் பழைய வொக்ஸ்வாகன் பீற்றில். 1600 எஞ்சின், 12 வோல்ட், ஒயில் கூலர், பான் (காத்தாடி) கூட்டுக்கு வெளியில தள்ளி இருக்கிற பிந்தின வகை. ஓட்டம் கூடுதலா ஏ9 இல, வவுனியா–கிளிநொச்சி. இடைக்கிடை மாங்குளத்தில திரும்பி முல்லைத்தீவுப் பக்கம், அதில உள்ளூருக்குள்ள ஏழெட்டுக் கிலோமீற்றர் கிரவல்.

150 டிகிரி வரைக்கும் காட்டுற மீற்றர் ஒண்டும், அதோட சேர்ந்து வந்த 14 மில்லிமீற்றர், 1.5 மரைச் சென்சரும் கையில இருக்கு. ஒயில் வடிக்கிற நட்டுக்குப் பதிலா பூட்டலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். ஒயில் பிறஷர் சுவிச் இடத்தில ‘டி’ (மூண்டு வாய் இணைப்பு) போடு எண்டு இன்னொருத்தர். டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் பார்க்கிற கம்பி) மாதிரியே ஒரு சென்சரும் விக்குது. எது சரி?

#2 தாம்போதி

எது சரி எண்டு கேக்க முதல், எந்த ஒயிலின்ர சூடு வேணும் எண்டு தீர்மானியுங்கோ. எஞ்சினுக்குள்ள எல்லா இடத்திலயும் ஒயில் ஒரே சூட்டில இல்லை.

சம்பில, அதாவது எஞ்சினுக்கு அடியில ஒயில் தேங்கிற இடத்தில, கிடக்கிறது இரண்டரை லீற்றர். பம்ப் அதைச் சல்லடைக்குள்ளால உறிஞ்சி எடுக்குது. பிறகு கூலர், பிறகு பேரிங்குகள், கடைசியில திரும்பச் சம்புக்குள்ள விழுது. கூலரைத் தாண்டின ஒயில் சம்பில இருக்கிறதை விடக் குளிர். சிலிண்டர் ஹெட்டிலயிருந்து தள்ளுகோல் குழாய் வழியா வழிஞ்சு வாறது சம்பை விடச் சூடு. ஆக ஒரே நேரத்தில மூண்டு இடத்தில மூண்டு கணக்கு வரும், மூண்டும் உண்மைதான்.

ஆக்கள் சொல்லுற “80 முதல் 100 நல்லது, மத்தியான வெயிலில 110–120 வரை பொறுக்கலாம், 130 தாண்டினால் ஓரங்கட்டு” எண்ட கணக்கெல்லாம் சம்ப் ஒயிலுக்கு, அதாவது பம்ப் உறிஞ்சப் போற ஒயிலுக்கு. வேற இடத்தில சென்சரைப் பூட்டிப்போட்டு இந்த எண்களோட ஒப்பிட்டால் அர்த்தமில்லை.

#3 முறிகண்டிநிறுத்தம்

‘டி’ தான் லேசு அண்ணை. காருக்கடியில பூரத் தேவையில்லை, ஒயில் வடிக்கத் தேவையில்லை. டிஸ்ரிபியூற்றருக்குப் பக்கத்தில இருக்கிற பிறஷர் சுவிச்சைக் கழட்டி, பித்தளை ‘டி’ ஒண்டைப் பூட்டி, ஒரு பக்கம் பழைய சுவிச், மற்றப் பக்கம் சூட்டுச் சென்சர். அரை மணித்தியால வேலை.

#4 லேத்மேசை

அரை மணித்தியால வேலைதான், ஆனால் மீற்றர் பொய் சொல்லும்.

அந்தத் துளை முட்டுச்சந்து. அங்க அழுத்தம் போகும், ஒயில் ஓடாது. ‘டி’ க்குள்ள நிக்கிற தேக்கரண்டி அளவு ஒயில் எஞ்சின் நிப்பாட்டும் வரைக்கும் அங்கேயே நிக்கும். சென்சர் காட்டுறது பித்தளையின்ர சூட்டை. பான் காத்து அதில பட்டால் இன்னும் குறையும். அழுத்தத்தை முட்டுச்சந்தில நிண்டும் அளக்கலாம், சூட்டை அளக்க ஒயில் சென்சரின்ர நுனியைத் தொட்டுக்கொண்டு ஓட வேணும். சிலர் அதிர்வுக்குப் பயந்து ஒரு முழ றப்பர்க் குழாய் போட்டு ‘டி’ யைச் சுவரில பூட்டுவினம். பிறஷருக்கு அது நல்ல வழி. சூட்டுச் சென்சரையும் அதிலயே பூட்டினால் எஞ்சின் அறையின்ர காத்துச் சூட்டைத்தான் பார்ப்பியள்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் மரையில இருக்கு. அந்த இடத்து மரை 10 மில்லிமீற்றர், 1.0, கூம்பு மரை. கடையில கிடைக்கிற ‘டி’ கனக்க எட்டில் ஒரு அங்குல அமெரிக்கக் குழாய் மரை. கண்ணுக்கு இரண்டும் ஒண்டு மாதிரி. அங்குலத்துக்கு 27 மரை எண்டால் ஒரு சுத்து 0.94 மில்லிமீற்றர், விட்டமும் கொஞ்சம் கூட. முதல் இரண்டு சுத்து வடிவாப் போகும், பிறகு இறுகும். “கூம்பு மரை, இறுகத்தானே வேணும்” எண்டு றெஞ்சைப் போட்டு இன்னும் ஒரு சுத்துச் சுத்தினால் எஞ்சின் கேஸ் (வெளிக்கூடு) வெடிச்சுப் பிளக்கும். அது இரும்புமில்லை, சாதாரண அலுமினியமுமில்லை, மக்னீசியக் கலவை. வெல்டிங் பிடிப்பிக்கிறதும் சுகமான வேலையில்லை. மரை அளவிடுற சீப்பை வைச்சுப் பார்க்காமல் அந்தத் துளையில ஒண்டையும் பூட்டாதேங்கோ.

#5 முறிகண்டிநிறுத்தம்

மரை விசயம் ஒத்துக்கொள்ளுறன். எண்டாலும் கூடுது, குறையுது எண்டு பார்க்கவாவது ‘டி’ காணுந்தானே?

#6 தாம்போதி

மெதுவாக் கூடினால் காட்டும். பான் பெல்ற் அறுந்து திடீரெண்டு ஏறினால் பிந்திக் காட்டும். அந்தப் பிந்துற நிமிசங்களுக்காகத்தான் மீற்றரே பூட்டுறம்.

#7 கச்சான்காத்து

அப்ப டிப்ஸ்டிக் சென்சர்? துளையும் வேண்டாம், மரையும் வேண்டாம்.

#8 தாம்போதி

கழட்டிப் பூட்ட லேசு, சம்ப் ஒயிலுக்குள்ளயே நுனி நிக்கும். இது இரண்டும் நல்லது. குறை மூண்டு.

ஒயில் மட்டம் இறங்கினால் நுனி ஒயிலை விட்டு வெளியில வரும். பிறகு அது கேஸுக்குள்ள இருக்கிற புகையின்ர சூட்டைத்தான் காட்டும், அது ஒயிலை விடக் குறைவு. ஒயில் குறைஞ்சு எஞ்சின் வேகிற நேரத்தில மீற்றர் முள் கீழ இறங்கி “எல்லாம் நல்லம்” எண்டு சொல்லும். இந்த ஒரு காரணத்துக்காகவே தனிய அதை நம்பக்கூடாது.

இரண்டாவது ஏர்த். இந்தச் சென்சருக்கு ஏர்த் வாறது டிப்ஸ்டிக் குழாயோட முட்டுற இடத்தால. குழாயின்ர வாயில பெயின்ற் இருந்தாலோ, மூடி தளர்வா இருந்தாலோ முள் ஆடும். மூண்டாவது, நீளம். ஆழமாப் போய் அடியில முட்டக்கூடாது. பழைய டிப்ஸ்டிக்கைப் பக்கத்தில வைச்சு, மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டும் சரியா ஒரே உயரத்தில வருதோ பாருங்கோ. வராட்டி அரத்தால புதுக்கோடு போடுங்கோ, இல்லாட்டி ஒயில் அளவும் பிழைச்சுப்போகும்.

கிழமைக்கொருக்கா டிப்ஸ்டிக் இழுத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவருக்கு இது போதும். இல்லாதவருக்கு ஆபத்து.

#9 லேத்மேசை

உங்கட எஞ்சினுக்கு என்ர தீர்ப்பு வடிகால் துளை, ஒயில் வடிக்கிற நட் இருக்கிற இடம். கையில இருக்கிற சென்சரும் அதே மரை. காரணம் இதுதான்: சம்ப் தட்டுக்கு மேல சல்லடை கவிழ்த்து வைச்ச தொப்பி மாதிரி இருக்கு. அதின்ர உச்சியால உறிஞ்சு குழாய் உள்ள இறங்கி, வாயைத் தட்டுப் பக்கம் வைச்சிருக்கு. வடிகால் துளை தட்டின்ர நடுவில. ஆக சென்சரின்ர நுனி நிக்கிறது பம்ப் உறிஞ்சிற வாய்க்கு நேர கீழ. ஒயில் நிக்காமல் ஓடுற இடம்.

அதேதான் அதின்ர சிக்கலும். நுனி நீளமெண்டால் உறிஞ்சு வாயை அடைக்கும். அடைச்சால் சூட்டு மீற்றர் வடிவா வேலை செய்ய, பேரிங் போகும். அதால பூட்ட முதல் இடைவெளி அளவுங்கோ.

எஞ்சின் இளஞ்சூட்டில இருக்கேக்க ஒயிலை வடியுங்கோ. 10 மில்லிமீற்றர் சாவியால தட்டின்ர ஆறு மூடி நட்டையும் கழட்டி, தட்டு, சல்லடை, இரண்டு கடதாசிக் கஸ்கெற் எல்லாத்தையும் எடுங்கோ. பழைய கஸ்கெற் ஒட்டிக் கிடக்கிறதைப் பிளாஸ்ரிக் தகட்டால சுரண்டுங்கோ. கத்தி போட்டால் மக்னீசியத்தில கீறு விழும், அந்தக் கீறால ஒயில் கசியும். சென்சரைத் தட்டில பூட்டி, நுனியில விரல் தடிப்புக்குக் கோதுமை மாவைக் குழைச்சு ஒட்டுங்கோ. சல்லடை, கஸ்கெற்றோட தட்டைச் சும்மா பூட்டிக் கழட்டினால் உறிஞ்சு வாய் மாவில பதிஞ்சிருக்கும். மிஞ்சி இருக்கிற மாவின்ர தடிப்புத்தான் இடைவெளி. ஆறு மில்லிமீற்றருக்குக் குறைய இருந்தால் நான் பூட்ட விடமாட்டன். அளந்த பிறகு மாவை ஒரு பொட்டும் மிச்சமில்லாமல் கழுவுங்கோ.

திரும்பப் பூட்டேக்க புதுக் கஸ்கெற் இரண்டு, ஸ்ரட்டுக்கு (கேஸில நிக்கிற மரையாணிக்கு) புதுச் செப்பு வோஷர் ஆறு, சென்சருக்கு ஒண்டு. கஸ்கெற்றுக்குச் சிலிக்கோன் பசை வேண்டாம். பிதுங்கி உள்ள விழுற துண்டு சல்லடையில போய் ஒட்டும். நட் இறுக்கம் 7 நியூட்டன் மீற்றர், அவ்வளவுதான். கை முறுக்கில அது “காணாது” எண்டு தோணும். தோணினாலும் விடுங்கோ. கூட இறுக்கினால் ஒண்டில் 6 மில்லிமீற்றர் ஸ்ரட் மக்னீசியத்தை உரிச்சுக்கொண்டு வரும், இல்லாட்டில் தட்டு வளைஞ்சு முதல் இருந்ததை விடக் கூட ஒழுகும்.

இனி ஒயில் மாத்த ஒவ்வொரு முறையும் தட்டைக் கழட்ட வேண்டி வரும். அது நல்லதுக்குத்தான். இந்த எஞ்சினில கடதாசி பில்ரர் இல்லை, 5000 கிலோமீற்றருக்கு ஒருக்கா சல்லடை கழுவத்தானே வேணும்.

#10 பனங்கூடல்

எல்லாம் சரி, ஆனால் அது காரின்ர ஆகக் கீழான இடங்களில ஒண்டு. வடிகால் நட் தட்டையா இருக்கும், சென்சரும் வயர் முனையும் சேர்ந்து இரண்டரை, மூண்டு சென்ரிமீற்றர் கீழ தொங்கும். கிரவல் வீதியில நடுமேடு உயர்ந்து கிடக்கிற இடத்தில ஒரு கல் காணும். சென்சர் உடைஞ்சால் மீற்றர் போறது பெரிசில்லை, இரண்டரை லீற்றரும் றோட்டில போகும்.

பாதுகாப்புப் பட்டை இல்லாமல் அங்க பூட்டக்கூடாது. 3 மில்லிமீற்றர் தடிப்பு, 40 அகலப் பட்டை இரும்பு, முன்னுக்கும் பின்னுக்கும் சரிவா வளைச்சு, சென்சரை விட ஒரு சென்ரிமீற்றர் கீழ வாற மாதிரி. அதைச் சம்ப் ஸ்ரட்டில பூட்டாதேங்கோ, கல் அடிச்சால் ஸ்ரட்டையே பிடுங்கும். எஞ்சினுக்குக் கீழ இருக்கிற வேற உறுதியான போல்ற்றில பிடியுங்கோ. முழுத் தகடாவும் மூடாதேங்கோ, சம்புக்கு அடியால போற காத்தும் ஒயிலைக் குளிராக்கிற ஒரு வழி.

மாரியில தாம்போதி மேவித் தண்ணி ஓடேக்க சம்பில பச்சைத் தண்ணி அடிச்சால் முள் கொஞ்சம் விழும். பழுது எண்டு நினைக்க வேண்டாம். வயர் முனைக்கு றப்பர்த் தொப்பி போடுங்கோ, இல்லாட்டில் ஒரு மாரியிலயே பச்சைக் களிம்பு பிடிச்சிடும்.

#11 தாம்போதி

என்ர பேரையே தண்ணிக்குள்ள இறக்கிப்போட்டியள் :)

பட்டை விசயத்தில பனங்கூடல் சொல்லுறது முழுக்கச் சரி. இன்னொரு வழியும் இருக்கு, செலவு கூட. வெளிப் பில்ரர் போட்ட எஞ்சின் எண்டால் பம்ப் மூடியிலயிருந்து பில்ரருக்குப் போற குழாயில சென்சரைப் பூட்டலாம். சம்பில கிடந்த அதே ஒயில், நல்ல ஓட்டம், கல்லடி இல்லை. நுனி ஓட்டத்துக்கு நடுவில நிக்கிற மாதிரி இணைப்பு வேணும், பக்கக் கிளைக்குள்ள ஒதுங்கி நிண்டால் திரும்பவும் முட்டுச்சந்துக் கதை. வெளிக் கூலரும் இருந்தால் அதுக்குப் போற குழாயில பூட்டுங்கோ, அதிலயிருந்து திரும்பி வாற குழாயில பூட்டினால் குளிர்ந்த ஒயிலின்ர கணக்குத்தான் வரும். சென்சருக்காக மட்டும் பில்ரர் போட வேண்டாம். ஆனால் எஞ்சின் கழட்டிற நாள் வந்தால் இரண்டையும் சேர்த்து யோசியுங்கோ.

#12 வயல்வெளி

லான்ட்மாஸ்ரருக்கு (இரண்டு சில்லு உழவு மெசினுக்கு) விக்கிற சூட்டுச் சென்சர் இதுக்குச் சரிவராதோ? விலை குறைவு.

#13 லேத்மேசை

வராது தம்பி. அது தண்ணிச் சூட்டுக்கு. அந்த வகை கூடுதலா 120 டிகிரியோட கணக்கு முடியும், ஒயிலுக்கு 150 வேணும். மரை பொருந்தினாலும் தடை அளவு பொருந்தாது. மீற்றரும் சென்சரும் ஒரு சோடி, பிரிக்கக்கூடாது.

#14 கச்சான்காத்து

விளங்குது. வடிகால் துளை, பட்டை இரும்போட. வயர் வேலையும் ஒருக்காச் சொல்லுங்கோ. சென்சரில இரண்டு முனை இருக்கு.

#15 பனங்கூடல்

இரண்டு முனை எண்டால் ஒண்டு மீற்றருக்கு, மற்றது எச்சரிக்கை விளக்குக்கு. ‘ஜி’ எண்டு குத்தியிருக்கிறது மீற்றர், ‘டபிள்யூகே’ விளக்கு. விளக்கையும் கட்டாயம் பூட்டுங்கோ, ஏ9 இல லொறி முந்தேக்க மீற்றரைப் பார்க்க நேரமில்லை.

ஒரு சதுர மில்லிமீற்றர் வயர் காணும். மீற்றருக்குச் சாவி போட்டால் மட்டும் வாற மின்சாரம், இடையில 3 அம்பியர் பியூஸ். சென்சர் வயர் ஐந்து மீற்றருக்கு மேல வாங்குங்கோ, இடையில ஒட்டுப் போடக்கூடாது. சைலன்சருக்கும் சூட்டுப் பெட்டிக்கும் கிட்டப் போற இடத்தில கண்ணாடி நார் உறை. தகரத்துக்குள்ளால போற துளைக்கு றப்பர் வளையம் போட மறந்தால், சில மாதத்தில வயர் தேய்ஞ்சு காரின்ர பொடியில (உடம்புத் தகரத்தில) முட்டும், முள் நேர 150 க்குப் பாயும். முள் முழுக்க மேல போய் நிண்டால் வயர் எங்கையோ ஏர்த்தில முட்டுது. அசையாமல் கீழ கிடந்தால் வயர் விட்டுப்போச்சு. எஞ்சினைச் சந்தேகிக்க முதல் இந்த இரண்டையும் பாருங்கோ.

1960களின்ர நடுப்பகுதி வரைக்கும் வந்த பீற்றில்கள் 6 வோல்ட். இதை வாசிக்கிற வேற ஆரும் அப்பிடி ஒரு கார் வைச்சிருந்தால் 12 வோல்ட் மீற்றர் வாங்காதேங்கோ.

#16 தாம்போதி

பூட்ட முதல் சோதியுங்கோ. சென்சரின்ர நுனியைக் கொதிக்கிற தண்ணியில நூலில கட்டித் தொங்கவிடுங்கோ, சட்டியின்ர அடியில முட்டக்கூடாது. சென்சரின்ர உடம்பிலயிருந்து பற்றரியின்ர எதிர்முனைக்கு ஒரு வயர், ‘ஜி’ யிலயிருந்து மீற்றருக்கு ஒரு வயர். வன்னி சமதரை, கடல் மட்டத்திலயிருந்து பெரிசா உயரமில்லை, இங்க தண்ணி கிட்டத்தட்டச் சரியா 100 இல கொதிக்கும். (நுவரெலியாவில இதைச் செய்தால் 94 அளவிலேயே கொதிச்சிடும், அங்க மீற்றரைக் குறை சொல்லக்கூடாது.) முள் 95–105 க்குள்ள நிண்டால் நல்லம். 110 காட்டினால் அந்தப் பத்தை மனசில வைச்சுக்கொண்டு ஓடுங்கோ, இல்லாட்டில் கண்ணாடியில பெயின்ற்றால ஒரு புள்ளி வையுங்கோ.

மீற்றர் இல்லாமல் சென்சரை மட்டும் பார்க்கிறதெண்டால் மல்ரிமீற்றரில ஓம் அளவு வையுங்கோ. குளிரில நூற்றுக்கணக்கில இருக்கும், கொதிதண்ணியில பத்துக்கணக்குக்கு இறங்கும். இறங்காட்டில் சென்சர் செத்தது.

#17 கச்சான்காத்து

பூட்டியாச்சு. ஒரு கேள்வி: பகலில 90–95 காட்டுது. இரவில பெரிய லைற் போட்ட உடன முள் பத்து டிகிரி கீழ விழுது. லைற்றை நூத்தால் திரும்ப ஏறுது. ஒயில் அவ்வளவு கெதியாக் குளிருமோ?

#18 பனங்கூடல்

ஒயில் குளிரேல்லை, ஏர்த் பலவீனம். கியர்ப் பெட்டியிலயிருந்து பொடிக்குப் போற பின்னல் ஏர்த் பட்டியைக் கழட்டி, இரண்டு முனையையும் பளபளக்கத் தேய்ச்சுப் பூட்டுங்கோ. மீற்றரின்ர ஏர்த் வயரையும் பாருங்கோ, லைற்றின்ர ஏர்த் போற அதே ஆணியில கட்டியிருந்தால் பிரியுங்கோ.

#19 லேத்மேசை

தட்டுக்குப் பெயின்ற் அடிச்சனீங்களோ? கடதாசிக் கஸ்கெற் மின்சாரம் கடத்தாது. தட்டுக்கு ஏர்த் வாறது ஆறு ஸ்ரட், நட், செப்பு வோஷர் வழியாத்தான். வோஷர் குந்துற இடத்தில பெயின்ற் இருந்தால் தடை கூடும், தடை கூடினால் மீற்றர் குளிர் எண்டு காட்டும். ஆறு இடத்திலயும் பெயின்ற்றைச் சுரண்டுங்கோ. சென்சர் மரையில வெள்ளை நாடா சுத்தியிருந்தால் அதையும் கழட்டுங்கோ. அது நேர் மரை, ஒழுகாமல் காக்கிறது செப்பு வோஷர். நாடா ஏர்த்தைத்தான் கெடுக்கும்.

#20 கச்சான்காத்து

பெயின்ற் தான். சுரண்டின பிறகு லைற் போட்டாலும் அசையேல்லை. ஆனால் உண்மைக் கணக்கு இப்ப 105, மத்தியானம் புளியங்குளம் தாண்ட 115. கூடத்தானே?

#21 தாம்போதி

கச்சான் காத்து வீசுற மாதத்தில, எழுபது கிலோமீற்றர் வேகத்தில 115 எண்டால் பயமில்லை, ஆனால் பார்க்க வேண்டியது இருக்கு. வெளிக் கூலர் வாங்க ஓடாதேங்கோ, கனபேர் அதைத்தான் முதல் செய்யினம்.

எஞ்சின் அறையைச் சுத்தியிருக்கிற றப்பர் ஓரப்பட்டி முழுசா இருக்கோ? அது கிழிஞ்சால் கீழ இருக்கிற சுடுகாத்தைப் பான் திரும்ப உறிஞ்சும். சிலிண்டருக்குக் கீழ இருக்கிற தகரம் ஒண்டும் குறையாமல் இருக்கோ? “தேவையில்லாத தகரம்” எண்டு இந்த எஞ்சினில ஒண்டும் இல்லை. பான் பெல்ற்றைப் பெருவிரலால அமத்தினால் 15 மில்லிமீற்றர் அளவு தாழ வேணும். வால்வ் இடைவெளி குளிர் எஞ்சினில 0.15 மில்லிமீற்றர். பற்றவைப்பு நேரம் பிந்திக் கிடந்தாலும் சூடு ஏறும்.

வன்னிக்கெண்டு ஒரு தனி வியாதி, கூலரின்ர செதிள்களுக்கிடையில செம்மண் புழுதியும் ஒயில் ஈரமும் சேர்ந்து சேறாகி இறுகிறது. வெளியில தெரியாது, பான் கூட்டைக் கழட்டித்தான் பார்க்க வேணும். காத்து வழக்கமா வாற திசைக்கு எதிர்த்திசையால கொம்பிறஷர் காத்து அடியுங்கோ.

இன்னொண்டு: சூடு எண்டு தடிச்ச ஒயில் ஊத்தினால் சில நேரம் சூடு கூடும். ஒயில் தடிச்சால் அழுத்தம் ஏறி, விடுவிப்பு வால்வ் திறந்து, ஒயில் கூலருக்குள்ள போகாமல் குறுக்கால சம்புக்குத் திரும்பும். 20டபிள்யூ-50 க்கு மேல போக வேண்டாம்.

#22 முறிகண்டிநிறுத்தம்

மூண்டாம் சிலிண்டர் வேகிறதை இந்த மீற்றர் காட்டுமோ?

#23 தாம்போதி

காட்டாது. கூலர் பான் கூட்டுக்குள்ளேயே இருந்த பழைய எஞ்சின்களில மூண்டாம் சிலிண்டருக்குப் போற காத்தை அது மறைச்சது. 1971 மொடலோட கூலரை வெளியில தள்ளினதே அதுக்குத்தான். ஹெட் சூடு பார்க்க ஸ்பார்க் பிளக்குக்கு அடியில வளையம் போடுற வேற மீற்றர் வேணும். ஒயில் மெதுவாச் சூடாகும், ஹெட் சில நிமிசத்தில ஏறி இறங்கும்.

#24 வயல்வெளி

இதே வேலையை என்ர 1300 க்குச் செய்யப் பார்க்கிறன். மாவை வைச்சு அளந்தன், இடைவெளி நாலு மில்லிமீற்றர்தான். செப்பு வோஷர் மூண்டு, நாலு அடுக்கினால் சரியோ?

#25 லேத்மேசை

அடுக்காதேங்கோ. ஒவ்வொரு வோஷருக்கிடையிலயும் ஒயில் கசிய ஒரு வழி. பித்தளையில மூண்டு மில்லிமீற்றர் தடிப்பு வளையம் ஒண்டு லேத்தில கடைஞ்சு, மேல ஒரு செப்பு வோஷர், கீழ ஒண்டு. உள் துளை 14.2, வெளி விட்டம் சென்சரின்ர அறுகோணத்தளவு. கடைய முதல் சென்சர் மரை எத்தனை சுத்துப் போகுது எண்டு எண்ணுங்கோ. மூண்டு மில்லிமீற்றர் எண்டால் இரண்டு சுத்துக் குறையும். மிச்சம் ஐந்து முழுச் சுத்தாவது பிடிக்க வேணும். பிடிக்காட்டில் வளையம் வேண்டாம், நுனி கட்டையான சென்சர் தேடுங்கோ. வளையம் போட்டால் சென்சர் இன்னும் மூண்டு மில்லிமீற்றர் கீழ இறங்கும், பட்டை இரும்பையும் அந்தளவுக்கு இறக்கி வளையுங்கோ.